செட்டிநாட்டு வெயிலில் அழகுக் கோரை வளர்ப்பது எப்படி

படத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கும் 'எவர்கோல்டு' கேரெக்ஸ் என்ற அழகுக் கோரை, காரைக்குடிப் பக்கம் ஒரு சித்திரையைத் தாண்டுவது அபூர்வம். நடுவில் வெண்மஞ்சள் கோடும் ஓரத்தில் பச்சையுமாக, ஊற்று நீர் வழிவது போல வளைந்து விழும் அந்த இலைக்கு மயங்காதவர் இல்லை. ஆனால் அது ஜப்பானியக் காட்டு நிழலில் பிறந்த செடி. பகல் சூட்டையாவது நிழல் கட்டிச் சமாளிக்கலாம். இரவிலும் மண் ஆறாத அக்னி நட்சத்திர நாட்களில் வேர் வெந்து, அடியிலிருந்து குருத்து அழுகிவிடும். கொடைக்கானலில் வீடு இருந்தால் அங்கே வையுங்கள், நன்றாக வரும். தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் அதற்குக் காசு போடாதீர்கள்.

அதே கோரைக் குடும்பத்தில் வெயிலை விரும்பும் கிளை ஒன்று இருக்கிறது: சைபீரஸ். பத்தமடைப் பாய்க்கான கோரையும் இந்தக் கிளைதான். தோட்டக்காரர்கள் சபிக்கும் முத்தக்காசும் இதுதான். இவற்றின் அழகு உறவுகள் சிலவற்றுக்குக் காலடியில் தண்ணீர் நின்றால் போதும், வருடம் முழுக்கப் பச்சை மாறாது. சரளை மண்ணும் காய்ந்த காற்றும் உள்ள நம் ஊரில் அந்தத் தண்ணீரை வேரடியில் எப்படி நிறுத்துவது என்பதுதான் முழு வேலையும்.

வாங்கும் முன் தண்டைத் தொட்டுப் பாருங்கள்

நர்சரியில் புல் மாதிரி இருக்கும் எல்லாவற்றையும் 'கிராஸ்' என்றே சொல்லி விற்பார்கள். தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டுங்கள். புல்லின் தண்டு வழுக்கிக்கொண்டு உருளும், இடையிடையே கணு தட்டும். பெரும்பாலான கோரைத் தண்டு உருளாது. மூன்று பட்டை விரலில் இடறும், கணு இருக்காது. குடைக்கோரையில் கீழ்ப்பகுதியின் பட்டை மழுங்கியிருக்கும், அதனால் குடைக்குச் சற்றுக் கீழே தொட்டுப் பாருங்கள். நறுக்கினால் உள்ளே வெள்ளைச் சோறு நிறைந்திருக்கும். புல்லைப் போலக் குழலாக இருக்காது.

கேரெக்ஸ் என்று சொல்லிச் சில இடங்களில் மஞ்சள் வரியோடிய குட்டை அகோரஸைக் கொடுப்பார்கள். அது வசம்பின் உறவு. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால் வாசனையே சொல்லிவிடும். அதுவும் ஈரம் விரும்பும் நல்ல செடிதான், ஆனால் கோரை இல்லை.

எந்த வகை எந்த இடத்துக்கு

முதலில் வாங்க வேண்டியது குடைக்கோரை. நர்சரியில் 'அம்ப்ரெல்லா பாம்' என்று கேட்டால்தான் தெரியும். பாமும் இல்லை, பனையும் இல்லை. மடகாஸ்கர், ஆப்பிரிக்கப் பக்கத்துச் செடி. ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை உயரும். தண்டின் உச்சியில் இலைகள் குடைக்கம்பி போலச் சுற்றிலும் விரியும். வெயில், அரைநிழல், தண்ணீருக்குள், ஈரமண்ணில் என எங்கும் நிற்கும். பிழைகளை மன்னிக்கும் செடி என்பதால் முதல் வருடம் இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வளவு எனும் உள்முற்றத்தைச் சுற்றிய நடை, முகப்புத் திண்ணை போன்ற வெயில் படாத இடத்துக்கு ஆல்போஸ்ட்ரியேட்டஸ் என்ற குட்டைக் குடைக்கோரை பொருத்தம். முழங்கால் உயரம்தான், இலை அகலமாக இருக்கும். தண்ணீரில் மூழ்கி நிற்க வேண்டியதில்லை; மண் ஈரம் காயாமல் இருந்தால் போதும். இதில் வெள்ளை வரி போட்ட ரகம் ஒன்றுண்டு. அதில் வரியில்லாத முழுப்பச்சைத் தண்டு கிளம்பினால் அன்றே அடியோடு எடுத்துவிடுங்கள். பச்சைத் தண்டுக்கு வேகம் அதிகம், விட்டால் ஒரு வருடத்தில் வரி போட்டதை அமுக்கிவிடும்.

பாப்பிரஸ் என்பது எகிப்தியர் எழுதுதாள் செய்த அதே கோரை. இரண்டு, மூன்று மீட்டர் போய், உச்சியில் பச்சை நூல்கட்டை அவிழ்த்துவிட்டது போல நிற்கும். அதன் எதிரி ஆடிக் காற்று. திறந்த தோட்டத்தில் ஒரே இரவில் பத்துத் தண்டை மடித்துப் போட்டுவிடும். நான்கு பக்கமும் சுவர் உள்ள முற்றம் இதற்கென்றே அமைந்த இடம், ஆனால் தினமும் ஐந்து மணி நேரமாவது வெயில் விழ வேண்டும். முற்றம் சின்னது என்றால் அரை மீட்டரைச் சற்றுத் தாண்டும் குட்டைப் பாப்பிரஸ் வாங்குங்கள்.

நான்காவது வெண்நட்சத்திரக் கோரை. ரிங்கோஸ்போரா இனம், அமெரிக்கக் கண்டத்துச் சதுப்புகளில் வளர்வது. ஓரடி, ஒன்றரையடி உயரம். பூ என்று நாம் பார்க்கும் வெள்ளை நட்சத்திரம் உண்மையில் இலைதான். நுனி பச்சை, அடி வெள்ளை. ஆழமில்லாத அகலத் தொட்டியில், நல்ல வெயிலில், வேர்ப்பரப்புக்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மிகாத தண்ணீரில் வையுங்கள். ஆழத்தில் மூழ்கடித்தால் மெலிந்துபோகும்.

தொட்டி தயாரிப்பு

அடியில் ஓட்டை இல்லாத தொட்டி வேண்டும். பழைய கல்தொட்டி இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. கல் கனமாக இருப்பதால் தண்ணீர் சீக்கிரம் சூடேறாது. கறுப்பு பிளாஸ்டிக் டப் மலிவுதான், ஆனால் மேற்கு வெயில் படும் இடத்தில் அதற்குள் தண்ணீர் கை பொறுக்காத சூடாகிவிடும். அதைத்தான் வாங்க முடியும் என்றால் வெளியே சுற்றிச் சணல் சாக்கைக் கட்டி நனைத்துவிடுங்கள். புதிய சிமெண்ட் தொட்டியில் உடனே நடக்கூடாது. சுண்ணாம்பு இறங்கித் தண்ணீர் காரமாகி இலை வெளுக்கும். இரண்டு வாரம் தண்ணீர் நிரப்பி, மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றிய பிறகு நடுங்கள்.

குடைக்கோரைக்கு 45 செ.மீ. வாயும் 35 செ.மீ. ஆழமும் உள்ள தொட்டி இரண்டு வருடம் தாங்கும். பாப்பிரஸுக்கு 60 செ.மீ. வாய் வேண்டும்.

மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, வண்டல் ஒரு பங்கு, ஒரு வருடம் மக்கிய சாணம் அரைப் பங்கு. தண்ணீருக்கு அடியில் போகும் மண்ணில் தேங்காய்நார்த் தூள் சேர்க்காதீர்கள், மிதந்து மேலே வந்துவிடும். பச்சைச் சாணம் அறவே கூடாது. காற்றில்லாத சேற்றில் அது புளித்து முட்டை நாற்றம் அடிக்கும், வேர் கறுக்கும், தண்ணீர் பாசியாகிவிடும். கண்மாய் வண்டல் அனுமதியோடு கிடைத்தால் நல்லது. ஆனால் அதைச் சலிக்காமல் போட்டால் முத்தக்காசுக் கிழங்கும் கூடவே வந்து குடியேறும். மூன்று நாள் வெயிலில் பரப்பி உதிர்த்து, சல்லடையில் சலித்து, கறுப்புக் கிழங்குகளைப் பொறுக்கி எறிந்துவிட்டுச் சேருங்கள்.

தொட்டியில் முக்கால் அளவு கலவையை நிரப்பி, செடியை அது முன்பு பையில் இருந்த ஆழத்திலேயே வைத்து, மேலே இரண்டு விரல்கடை ஆற்று மணலோ சிறுகல்லோ பரப்புங்கள். அதன்பின் தண்ணீரை மணல் மேல் ஒரு தட்டை வைத்து அதில் ஊற்றுங்கள். நேரே ஊற்றினால் சேறு கலங்கி மேலே படிந்துவிடும்.

இனி கொசு. டெங்குக் காலத்தில் திறந்த தண்ணீர் வீட்டுக்குள் இருப்பது ஆபத்து, இதில் சமாதானமே கிடையாது. வழி இரண்டு. ஒன்று, தண்ணீர் மட்டத்தைக் கல் பரப்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழேயே வைப்பது. மேலே பார்த்தால் கல்தான் தெரியும், வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும். மட்டம் பார்க்க ஓரத்தில் ஒரு பிவிசி குழாய்த் துண்டை நிறுத்தி, அதன் வாயில் கொசுவலைத் துணி கட்டுங்கள். குச்சியை விட்டுப் பார்த்தால் மட்டம் தெரியும். குடைக்கோரைக்கு இது தாராளமாகப் போதும், நாங்கள் எல்லோருக்கும் இதையே சொல்வோம். இரண்டாவது வழி, தண்ணீர் தெரிய வேண்டும் என்பவர்கள் ஐந்தாறு கப்பி மீன் விடுவது. மீன் விட்டும் புழு நெளிகிறது என்றால் தண்ணீரைக் கொட்டித் தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசுமுட்டை சுவரில்தான் ஒட்டிக்கிடக்கும்.

ஆத்தங்குடித் தளத்தின் மேல் தொட்டி வைக்கிறவர்கள் அடியில் மூன்று கருங்கல் துண்டு கொடுத்துத் தூக்கி வையுங்கள். சிமெண்ட் கல் ஈரத்தை உறிஞ்சும். உப்புத் தண்ணீர் கசிந்த இடத்தில் வெள்ளைப் பூப்பு வந்து பூவேலையை மறைக்கும். இரும்பு ஸ்டாண்டின் துருக்கறை பிறகு போகவே போகாது.

தரையில் நடுவதானால்

செம்புராங்கல் சரளையில் அப்படியே நட்டால் ஊற்றும் தண்ணீர் ஒரு மணி நேரம்கூட நிற்காது. 90 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம் குழி வெட்டுங்கள். கூர்க்கல்லைப் பொறுக்கிவிட்டு, அடியில் ஒரு விரல்கடை மணல் பரப்பி, சில்பாலின் தாளையோ பழைய ஃபிளெக்ஸ் பேனரையோ இரண்டு மடிப்பாக விரித்து ஓரம் வரை கொண்டுவாருங்கள். அடித்தளத்திலிருந்து 15 செ.மீ. உயரத்தில் பக்கவாட்டில் நான்கைந்து ஓட்டை போடுங்கள். அடியில் எப்போதும் அந்த உயரத்துக்கு நீர் தங்கும், ஐப்பசி மழையில் மிஞ்சுவது ஓட்டை வழியே வடிந்துவிடும். அந்தத் தாளே வேர் பக்கவாட்டில் ஓடாமல் தடுக்கும் வேலியும் ஆகும். மேலே சொன்ன கலவையை நிரப்பி, குடைக்கோரையை 60 செ.மீ. இடைவெளியிலும் குட்டை வகையை 30 செ.மீ. இடைவெளியிலும் நடலாம்.

நடும் காலம் புரட்டாசிக் கடைசி முதல் மார்கழி வரை. மழைநீரில் வேர் பிடித்த செடி அடுத்த கோடையைத் தாங்கும். பங்குனிக்குப் பிறகு நட்டதைக் காப்பாற்ற இருவேளை தண்ணீரும் நிழல்வலையும் வேண்டியிருக்கும்.

அடுப்படித் தண்ணீர் போகும் இடத்தில்

கொல்லையில் கல்வாழை வைப்பது நம் பழக்கம். அதே இடத்தில் குடைக்கோரையும் அருமையாக வேலை செய்யும். கழிவுநீர் வடிகட்டும் செயற்கைச் சதுப்புகளில் உலகெங்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். அதன் வேர்ப்பின்னலில் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்ன, கரைந்த சத்தைச் செடி எடுத்துக்கொள்ளும்.

பாத்திரம் கழுவும் தண்ணீருக்கு மட்டும் என்றால் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 50 செ.மீ. ஆழத்தில் கசியாத பாத்தி போதும். தண்ணீர் விழும் முனையில் ஓரடிக்கு ஒன்றரை அங்குல ஜல்லி, மீதி இடம் முழுக்க முக்கால் அங்குல ஜல்லி. வெளியேறும் குழாயின் வாயை ஜல்லி மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே வையுங்கள். தண்ணீர் மேலே தெரியக் கூடாது, அதுதான் நாற்றமும் கொசுவும் வராததற்குக் காரணம். 50 செ.மீ.க்கு ஒன்றாக எட்டுத் தூர் நட்டு, முதல் மூன்று நான்கு வாரம் நல்ல தண்ணீர் விட்டுப் பிறகே கழிவுநீரைத் திருப்புங்கள்.

இந்தப் பாத்தி கெடுவது பெரும்பாலும் எண்ணெயால். நம் சமையலில் எண்ணெய் உண்டு, பணியாரம் சுட்ட சட்டியைக் கழுவினால் அது நேரே ஜல்லிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பாத்திக்கு முன்னால் மூடி போட்ட ஒரு சின்னத் தொட்டி கட்டி, வெளியேறும் குழாயை அதற்குள் முழங்கை போல வளைத்து நீருக்குள் இறக்கிவிடுங்கள். எண்ணெய் மேலேயே மிதந்து நின்றுவிடும், வாரம் ஒருமுறை வழித்தெடுக்கலாம். பிளீச்சிங் பவுடர், கழிவறை ஆசிட் இந்தப் பக்கம் வரவே கூடாது. வடிந்து வரும் நீரை வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

அறுப்பு: பலரும் தவறு செய்யும் இடம்

எப்போதும் பச்சை என்றால் ஒரே தண்டு எப்போதும் பச்சையாக நிற்கும் என்று பொருள் இல்லை. ஒவ்வொரு தண்டும் சில மாதம் வாழ்ந்து, குடை பழுத்து, வைக்கோல் நிறமாகிச் சாயும். பக்கத்திலேயே கிழங்குத் தண்டிலிருந்து ஊசிபோல் புதுக்குருத்து கிளம்பிக்கொண்டே இருக்கும். அதனால் பழுத்ததை எடுப்பதுதான் பராமரிப்பில் முக்கால்வாசி.

வேலிச்செடி மாதிரி நினைத்துத் தலையைச் சமமாகக் கத்தரிக்காதீர்கள். கோரைத் தண்டு வெட்டிய இடத்திலிருந்து துளிர்க்காது; அதில் கணுவும் இல்லை, மொட்டும் இல்லை. பாதியில் வெட்டியது அப்படியே மேலிருந்து கீழே காய்ந்துகொண்டு வரும். ஒரு தண்டை எடுப்பதென்றால் மண்ணை ஒட்டி இரண்டு விரல்கடை விட்டு அரிவாளால் அறுங்கள். பிடித்து இழுக்க வேண்டாம், பக்கத்துக் குருத்தும் சேர்ந்து வந்துவிடும்.

தூர் முழுக்க அலங்கோலமாகிவிட்டால் புரட்டாசியில் மொத்தத்தையும் ஒரு சாணுக்குக் கீழே அறுத்துவிடலாம். மழை தொடங்கியதும் மூன்று நான்கு வாரத்தில் புதுக்குடை வரும். சித்திரை, வைகாசியில் இதைச் செய்தால் வெட்டவெளியான அடிமண் வெந்து குருத்து கருகும்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தூர் தொட்டியை நிறைத்து, நடுப்பகுதி வெறுமையாகி, விளிம்பில் மட்டும் பச்சை நிற்கும். கவிழ்த்து வெளியே எடுத்து, பழைய ரம்பத்தால் அறுத்துப் பிரியுங்கள். வேர் அவ்வளவு கெட்டியாகப் பின்னியிருக்கும், மண்வெட்டி எகிறும். வெளிவட்டத்துத் துண்டுகளை, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு தண்டு இருக்கும்படி எடுத்து நடுங்கள். நடுத்துண்டு கிழடு, விட்டுவிடுங்கள்.

குடைக்கோரையில் இன்னொரு வழி உண்டு, குழந்தைகளைக் கூட வைத்துக்கொண்டு செய்யலாம். பழுக்காத, முற்றிய ஒரு குடையை 4 செ.மீ. காம்போடு வெட்டுங்கள். இலைகளைப் பாதியாக நறுக்கிவிடுங்கள். அதைத் தலைகீழாக, காம்பு மேலே இருக்கும்படி, ஒரு கிண்ணம் தண்ணீரில் மிதக்க விட்டு நிழலில் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில், இலைகள் சேரும் அந்த நடுப்புள்ளியில் ஒவ்வொரு இலைக்கக்கத்திலிருந்தும் ஒரு பச்சை முனை எட்டிப் பார்க்கும், அதனடியில் வெள்ளை வேர் தொங்கும். இயற்கையில் தண்டு சாய்ந்து குடை நீரில் விழும்போது நடப்பதும் இதுவே. குருத்து நான்கு விரல்கடை வந்ததும் சேற்றில் நட்டுவிடலாம். பாப்பிரஸுக்கு இந்த வழியை நம்பாதீர்கள். அதைத் தூர் பிரித்துத்தான் நட வேண்டும்.

இலை சொல்லும் குறைகள்

நுனி மட்டும் பழுப்பாகக் கருகுகிறது, அடி பச்சையாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் போர்த்தண்ணீர் உப்பு. கோடையில் 45 செ.மீ. தொட்டியில் தினம் இரண்டு மூன்று லிட்டர் குறையும். தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும். மறுபடி மறுபடி நிரப்பினால் மூன்று மாதத்தில் தொட்டி ஊறுகாய் ஜாடிதான். மாதம் ஒருமுறை தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 1000க்குள் காட்டினால் கவலை இல்லை. 2000ஐத் தாண்டினால் மழைநீரைக் கலக்காமல் ஊற்றாதீர்கள். முற்றத்துக் கூரையிலிருந்து விழும் மழையை அண்டாவில் பிடித்து வைக்கும் வீட்டுப் பழக்கம் இந்தச் செடிக்குப் பெரிய வரம். மழைக்காலத்தில் தொட்டியைத் தாழ்வாரத்து விளிம்புக்கு நகர்த்திவிட்டால் அதுவே கழுவிக்கொள்ளும்.

குடை முழுதும் ஒரேயடியாகச் சுருண்டு வெளிறினால் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அடியில் குருத்து பச்சையாக இருந்தால் காய்ந்ததை அறுத்துவிட்டு நிரப்புங்கள், திரும்பி வரும்.

தண்டு மெலிந்து ஒரு பக்கமாகச் சாய்வது வெளிச்சக் குறைவு. முட்டுக்கொடுத்துப் பயனில்லை, இடத்தை மாற்றுங்கள். எல்லா இலையும் சீராக மஞ்சளாகி, புதுக்குடை சின்னதாக வந்தால் பசி. ஒரு கைப்பிடி மண்புழு உரத்தைக் களிமண்ணோடு பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டையாக்கி நிழலில் உலர்த்தி, வேரோரத்தில் ஒரு சாண் ஆழத்தில் திணியுங்கள். ஒரு தொட்டிக்கு நான்கு உருண்டை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பாசிக்குத்தான் விருந்து.

இலையடியில் பஞ்சு போல இருப்பது மாவுப்பூச்சி. வெளிறிய புள்ளியும் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் சிலந்திப்பேன். காற்று காய்ந்த மாதங்களில் அடைந்த மூலையில் வரும். முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இரண்டு நாள் கழுவுங்கள். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள், வாரம் ஒன்றாக மூன்று முறை. மீன் இருக்கும் தொட்டி என்றால் மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டே தெளிக்க வேண்டும்.

இலை நுனி கடித்துப் பிய்த்தது போல இருந்தால் பூச்சியைத் தேடாதீர்கள், வீட்டுப் பூனையாக இருக்கும். பூனைக்குக் குடைக்கோரை என்றால் உயிர்.

ஊருணிப் பக்கம் வேண்டாம்

குடைக்கோரை விதையாலும் பரவும், வெட்டிப் போட்ட தூராலும் பரவும், நீரில் விழுந்த குடையாலும் பரவும். ஆஸ்திரேலியாவிலும் பசிபிக் தீவுகளிலும் நீரோடைகளை அடைக்கும் களையாகவே அது ஆகிவிட்டது. வீட்டுக்குள் கட்டுப்பட்டு நிற்கும் செடி, ஊருணியில் இறங்கினால் யாருக்கும் கட்டுப்படாது. குடிநீருக்கென்று நம் முன்னோர் வெட்டிக் கல்கட்டிய நீர்நிலைகள் அவை. ஏற்கனவே சம்பும் ஆகாயத்தாமரையும் படுத்தும் பாடு போதும். அழகுக்காகக்கூட ஒரு தூரை ஊருணிக் கரையிலோ கண்மாய் உள்வாயிலோ வரத்துக்காலிலோ நடாதீர்கள், யாராவது நட்டால் எடுத்துச் சொல்லுங்கள்.

பூ பழுப்பேறி விதை உதிரும் முன்பே குடையை அறுத்துவிடுங்கள். பிரித்து மிஞ்சிய தூரைக் குப்பைமேட்டில் எறிந்தால் மழைவெள்ளம் அதை வரத்துக்காலுக்குக் கொண்டுபோகும். மண்ணை உதறி, சிமெண்ட் தளத்தில் இரண்டு வாரம் நல்ல வெயிலில் காயப் போடுங்கள். வேர் முறித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. ஒடியும் பதம் வந்ததும் நறுக்கித் தென்னம்பாத்தியில் மூடாக்காகப் போட்டுவிடலாம்.